எலுமிச்சம்பழத்தில் வந்த சிவப்பு

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் தென்னை மட்டை விழுந்து மாட்டுக்கொட்டகைத் தகரம் நெளிந்துவிட்டது. துவைத்துப் போட்ட துணியெல்லாம் மண்.

பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். கூப்பிட்டார். மாதக் கடைசியில் அறிவியல் கண்காட்சி. "நிறம் மாறுற மாதிரி அஞ்சு எக்ஸ்பெரிமென்ட் ரெடி பண்ணுங்க டீச்சர். வீட்டுல கெடக்குற சாமானா இருக்கட்டும். ஸ்கூலுக்கு ஒரு செலவும் வரக்கூடாது." ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. சாவி அவர் மேசைக்குள். வத்தலக்குண்டில் நான் கெமிஸ்ட்ரி டீச்சராக இருக்கும் லட்சணம் இது.

செய்ய வேண்டியவை:
1. சங்குப்பூத் தண்ணீர். நீலம். எலுமிச்சை விட்டால் ஊதா. சமையல் சோடா போட்டால் பச்சை மாதிரி.
2. மஞ்சள் தடவிய தாள். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவப்பு.
3. சோற்றுக் கஞ்சியில் அயோடின் மருந்து. கருநீலம். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டால் நிறமே போய்விடும்.
4. ?
5. ?

சாயங்காலம் அடுப்பு மேடையில் சங்குப்பூவை ஊறப்போட்டேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். (இங்கே மட்டும் 'பார்த்தாள்'. நேரில் 'அத்தே, வாங்க'.) "ஏத்தா, சோறாக்குற எடத்துல என்னத்தப் போட்டுக் கலக்குற? பாக்கவே பயமா இருக்கு." பூத்தண்ணீர் அத்தே, டீயாகக்கூடக் குடிக்கிறார்கள் என்றேன். எலுமிச்சை பிழிந்து காட்டினேன். நீலம் ஊதாவானதும் முகம் சுருங்கிவிட்டது. நான் துணி மடித்துவிட்டு வருவதற்குள் டம்ளரைக் கறிவேப்பிலைச் செடியில் கவிழ்த்தாயிற்று. டம்ளரையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று.

கொஞ்சம் நொண்டுகிறாள். கேட்டால் "மூட்டு வலி."

ஜூலை 10, வியாழன்

மஞ்சள் தாள் சுலபமாக வந்தது. வெட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

கஞ்சி சோதனைக்கு அயோடின் மருந்தைத் தேடினேன். போன மாதம் வாங்கிய முழு பாட்டில். கால்வாசிதான் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு (இனி செ.) காயம் இல்லை, எனக்கும் இல்லை. மாடு தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளாது.

அத்தையைக் காலை நீட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். பிடித்து இழுத்துத்தான் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் புண், நடுவில் குழி, சுற்றிலும் வீக்கம். நாற்றம் வேறு. தோப்பில் செருப்பில்லாமல் நடந்து கருவேல முள் ஏறியிருக்கிறது. சர்க்கரை உள்ள உடம்பு, குத்தியதே தெரியவில்லை. "முள்ளுதான் அது, தானா வெளிய வந்துரும்." எத்தனை நாளாக? காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

செ.விடம் சொன்னேன். தன் சொட்டுநீர்க் குழாய், மோட்டார் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "பாப்போம்" என்றார். இந்த மனிதர் அகராதியில் இருப்பது அந்த ஒரு சொல்தான். மோட்டார் கருகினாலும் பாப்போம், அம்மா கால் அழுகினாலும் பாப்போம்.

ஜூலை 12, சனி

வெயில். காற்று இல்லை. புழுக்கம்.

திண்டுக்கல்லுக்குப் போய் சர்க்கரை டாக்டரிடம் காட்டலாம் என்று காரியத்தைத் தொடங்கினேன். அதற்குள் நாத்தனார் ராஜி வந்து இறங்கினாள். கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில். இவளுக்கு யார் போன் பண்ணினார்கள் என்று தெரியவில்லை. தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கால எடுத்துருவாய்ங்க மதினி. எங்க சின்ன மாமனாருக்கு அப்பிடித்தான ஆச்சு?" அவர் எட்டு மாதம் வீட்டில் வைத்திருந்து கடைசியில் போனார், அதனால் எடுத்தார்கள் என்றேன். "போனாரு, எடுத்தாய்ங்க. அதத்தான நானும் சொல்றேன்."



ராஜி தீர்ப்பு: மேற்கே ஒரு ஊரில் அம்மன் கோயில். பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துப் பார்த்துச் சொல்வாராம். ஆடி முதல் வெள்ளி விசேஷமாம். அதுவரை ஒருவரும் காலைத் தொடக்கூடாதாம். நான் கத்தினேன். அத்தை அழுதாள். செ. என்னைப் பார்த்து, "செத்த நேரம் சும்மா இரேன், வெள்ளிக்கெழம போயிட்டு வந்துட்டு அப்பறம் ஆஸ்பத்திரி பாப்போம்" என்றார்.

மூவரும் ஒரு பக்கம். கல்யாணமாகி நாலு வருசம், இந்த வீட்டில் ஒருநாளாவது என் பக்கம் ஒரு ஆள் நின்றதுண்டா?

ஜூலை 15, செவ்வாய்

அத்தை தூங்கும்போது புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். விழித்துக்கொண்டு கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் உருண்டு ஓடித் தரையெல்லாம் கறை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றும் வைக்கவில்லை இன்று. ரசமும் அப்பளமும் போதும் இவர்களுக்கு.

ஹெச்.எம். கேட்டார், "அஞ்சும் ரெடியா டீச்சர்?" மூன்று ரெடி என்றேன். "அஞ்சு சொன்னேனே."

ஜூலை 18, வெள்ளி

கார் வைத்துப் போனோம். ஆஸ்பத்திரி என்றால் கார் கிடைக்காது, கோயில் என்றால் உடனே வரும்.

தகரக் கொட்டகை. ஒலிபெருக்கியில் காது கிழிகிற சத்தம். சுற்றிலும் வேலியாகச் செம்பருத்தி, கொத்துக் கொத்தாகப் பூ. அம்மனுக்கு மட்டும் அரளி மாலை. அப்போது இதை யோசிக்கவில்லை.

பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். கையில் நல்ல செல்போன். அத்தையை முன்னால் உட்காரவைத்தான். சிவப்புத் துணியில் சுற்றிய சின்னக் கத்தியை எடுத்தான். கத்தி அலகு முழுக்கக் கருப்பு, துருப்பிடித்த மாதிரி. பழத்தை மூன்று சுற்றுச் சுற்றி நடுவில் அறுத்தான். பழத்துக்குள்ளிருந்து சிவப்பாக வழிந்தது. நல்ல ரத்தச் சிவப்பு. கூட்டமே "ஆத்தா!" என்றது. என் கையும் தானாகக் குவிந்தது. இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பூசாரி: "காலடி மண்ண எடுத்து வெச்சிருக்கு. வெளியாளு இல்ல. வீட்டுக்குள்ள வாக்கப்பட்டு வந்தவ. தண்ணிய நீலமாக்குவா, செவப்பாக்குவா. அடுப்படியிலயே செய்யிறா."

ராஜி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நீலமானதை இவன் எங்கே பார்த்தான்? இவள் சொல்லாமல் எப்படித் தெரியும்?

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. செ. தலையும்தான்.

பரிகாரம்: ஆடி அமாவாசை அன்று அவனே வந்து, வைத்த செய்வினையை எடுப்பான். அதுவரை ஆஸ்பத்திரி கூடாது, "கத்தி பட்டா காலு தங்காது." அமாவாசை வருகிற வியாழன். அதுவரை அந்தக் கால் தாங்காது. பெருவிரல் ஓரம் ஏற்கெனவே நிறம் மாறிவிட்டது. இந்த வீட்டில் நான் செய்யாமலே நிறம் மாறிய ஒரே பொருள்.

திரும்பி வரும்போது காரில் என்னை ஜன்னலோரம் ஒதுக்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாக ஏதோ வீட்டு வாசலில் செம்பருத்தி தெரிந்தது. சட்டென்று பிடிபட்டது. அது துரு இல்லை.

ஜூலை 19, சனி

செய்து பார்த்தேன். செ.வை உட்காரவைத்தே செய்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர், கண்ணால் பார்த்தால் நம்புவார்.

செம்பருத்திப் பூவை அவரே பறித்து வந்தார். பின்கட்டுச் செடி. இதழைக் கத்தியில் தேய்க்கச் சொன்னேன், அவரே தேய்த்தார். முதல் தடவை ஈரத்தோடு அறுத்தோம். ஊதாச் சாறு வழவழவென்று அலகிலேயே தெரிந்தது, பச்சைக்குழந்தைகூட ஏமாறாது. அடுத்து, தேய்த்துக் காயவிட்டு, மறுபடி தேய்த்துக் காற்றில் காயவைத்தோம். அலகு கருத்தது. பழத்தை அவரே அறுத்தார். பூசாரி பழம் மாதிரியே சிவப்பு வழிந்தது. இன்னும் ஒன்று அறுத்தார். அதிலும் வந்தது.

பூவில் உள்ள சாயம், எலுமிச்சையில் உள்ள புளிப்பு, அவ்வளவுதான். சங்குப்பூ நீலம் ஊதாவானது எதனாலோ அதனாலேதான் இதுவும்.

செ. சிரித்தார். "அடப்பாவி, இம்புட்டுத்தானா!" என்று தொடையில் தட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த ஆச்சரியம் இது ஒன்றுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அசட்டுச் சந்தோஷம். நாலாவது சோதனையும் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நாளை ராஜி வருகிறாள். எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டிவிட்டு, மதியமே அத்தையைக் காரில் ஏற்றிவிட வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

ஹாலில் அத்தை கட்டிலில், ராஜி பக்கத்தில், செ. வாசல் நிலையில் சாய்ந்து. பூசாரி சொன்னதெல்லாம் பொய், நான் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். கத்தியை எடுத்தேன், அறுத்தேன். அவன் பழத்தைவிட நன்றாகவே வந்தது. கையெல்லாம் சிவப்பு.

அத்தை சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். "பாத்தியா ராஜி! இவளுக்கும் வருது!"

பூ அத்தே இது, வெறும் பூ என்றேன். பூவைக் காட்டினேன். இன்னொரு பழத்தை அறுத்தேன். அறுக்க அறுக்க அவர்கள் பின்னால் போனார்கள். ராஜி: "அந்தாளு பத்து வருசம் வெரதம் இருந்து வாங்குன வரம். இவுக ரெண்டு நாள்ல செஞ்சு காட்டுறாக. அப்ப இவுக எம்புட்டுப் பெரிய ஆளு?"

ஏலே முட்டாள்களா என்று கத்தினேன். ஆமாம், அத்தை முன்னாலேயேதான். செ.வைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், நேற்று நீங்கள்தானே அறுத்தீர்கள் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொல்றதுலயும் ஒரு இது இருக்கும்மா..." என்று இழுத்தார். அந்த 'இது'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியிருந்தால் போதும். மோட்டார் விற்கும்போது இந்த வாய்க்கு என்ன பேச்சு வருகிறது!

சோற்றை வடித்துவைத்தேன். ஒருவரும் தொடவில்லை. ராஜி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வந்தது. வடித்த சோறு அப்படியே மாட்டுக்குப் போனது. மாடு மட்டும் யோசிக்காமல் சாப்பிட்டது.

நான் படித்த படிப்பெல்லாம் இந்த வீட்டில் என் தலைக்கே வினையாகிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு.

அத்தைக்குக் காய்ச்சல். பெருவிரல் நுனி கருத்துவிட்டது. வீக்கம் கணுக்கால் தாண்டி ஏறுகிறது. நாற்றம் அடுப்படி வரை வருகிறது. பிதற்றுகிறாள். செ.விடம் கெஞ்சினேன். வெட்கமே இல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அமாவாசை இந்தா வந்துருச்சு சுமதி. அம்மா மனசு கோணாம..." அவர் கண்ணில் பயம். அம்மாவுக்காகப் பயமா, என்னைப் பார்த்துப் பயமா? அப்போது பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

செத்துப்போவாள். இவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, நல்ல நாள் பார்த்துச் செத்துப்போவாள். எனக்கு அத்தையைப் பிடிக்காது. என் அம்மா வந்தபோது பழைய பாயைப் போட்டு உட்காரச் சொன்னவள். ஆனாலும் ஒரு முள்ளுக்காக ஒரு மனுஷி அழுகிச் சாகக் கூடாது.

உள்ளே போனேன். தலைமுடியை அவிழ்த்துவிட்டேனா, அதுவாக அவிழ்ந்ததா, நினைவில்லை. கட்டிலுக்கு முன்னால் நின்று சொன்னேன்:

"ஆமா, நான்தான் வெச்சேன்."

ராஜி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது.

"காலடி மண்ண எடுத்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில, வேப்பமரத்தடியில பொதச்சு வெச்சிருக்கேன். அங்கன வெச்சுத்தான் எடுக்க முடியும். டாக்டரு கத்தி பட்டாத்தான் கட்டு அவுரும். அமாவாசைக்கு முன்னாடி எடுக்கலைன்னா எனக்கே எடுக்க முடியாது. இப்பக் கெளம்புனா உண்டு."

எங்கிருந்து வந்தது இவ்வளவு பொய்? வகுப்பில் ஒரு பாடத்தைக்கூட இப்படித் தங்குதடையில்லாமல் நடத்தியதில்லை.

காய்ச்சலிலும் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏய்யா, வண்டியக் கூப்புடுய்யா! அவளே எடுக்குறேங்குறா!" இத்தனை நாள் கிடைக்காத கார் அடுத்த நிமிஷம் வாசலில் நின்றது. ராஜி பின் சீட்டில், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று முழுக்க ஆஸ்பத்திரி. டாக்டரம்மா புண்ணைப் பிரித்ததுமே எங்கள் எல்லோரையும் திட்டினார். "படிச்சவங்கதான நீங்க? இம்புட்டு நாளு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பார்த்தால் படித்த மாதிரி இருக்கிறேன் போலும்.

பெருவிரலை எடுத்தாயிற்று. கால் தங்கும் என்கிறார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்குமாம், உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாதாம்.

அத்தோடு விட்டார்களா? ராஜி விடவில்லை. "மதினி, பொதச்சத எடுங்க. எடுத்தாத்தான் நம்புவோம்." நல்லவேளை, வளாகத்தில் வேப்பமரம் ஒன்று இருந்தது. இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன்? நூறு பேர் போய்வருகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுக் கரண்டியால் தோண்டினேன். வாட்ச்மேன் வந்தார். "என்னம்மா தொலச்சுட்ட?" மானத்தை என்று சொல்லத் தோன்றியது. தோடு என்றேன். பாவம், அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து, ராஜி பார்க்கச் சாக்கடையில் போட்டேன். ராஜி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அழுதால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தூறல் மாதிரி ஏதோ விழுந்தது, நின்றுவிட்டது.

பூசாரி வீட்டுக்கு வந்தானாம். வைத்ததை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று ராஜி சொல்லியிருக்கிறாள். "யாரு எடுத்தது?" என்று கேட்டவன், என் பெயரைக் கேட்டதும் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டானாம். தொழில் போட்டி என்று நினைத்திருப்பான்.

அத்தைக்குக் காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருக்கிறேன். கழுவ, துடைக்க, ஊசி போட ஆளைக் கூப்பிட்டுவர. இதற்கெல்லாம் என் கை ஆகும். கஞ்சி மட்டும் ராஜி வீட்டிலிருந்து வர வேண்டும். நர்ஸிடம் அத்தை சொன்னது திரைக்குப் பின்னால் கேட்டது: "இவதாம்மா வெச்சா. ஆனா மனசு எரங்கி அவளே எடுத்துட்டா. அந்த வகையில நல்லவ."

அந்த வகையில் நல்லவள். நாலு வருசத்தில் வாங்கிய முதல் பாராட்டு.

ஜூலை 26, சனி

கண்காட்சி. மூன்று சோதனைதான் வைத்தேன். செம்பருத்தியை வைக்கவில்லை. சங்குப்பூ நிறம் மாறியபோது பிள்ளைகள் "ஹே!" என்று கத்தினார்கள். கஞ்சியில் கருநீலம் போய் வெள்ளையானதும் கைதட்டல். ஒரு அரை மணி நேரம் நான் மனுஷியாக இருந்தேன்.

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மேசை வரை வந்து, என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அங்கே காகித எரிமலை.

ஹெச்.எம்.: "அஞ்சு சொன்னேனே டீச்சர்."

ஜூலை 28, திங்கள்

அத்தை வீட்டுக்கு வந்தாள். கட்டுப்போட்ட காலை மணையில் தூக்கி வைத்துக்கொண்டு ராஜியிடம் அதட்டலாகப் பேசுகிறாள். உடம்பு தேறிவிட்டது. வாசலில் கட்ட ராஜி படிகாரமும் மிளகாயும் கொண்டுவந்தாள். யார் கண்ணுக்காக என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளைப் பிரித்து வைத்தேன். காலை, மதியம், இரவு. செருப்பு இல்லாமல் தோப்புக்குள் போனால் மறுபடி வைப்பேன் என்று அத்தையிடம் சொன்னேன். உடனே தலையாட்டினாள். டாக்டர் சொன்னபோது ஆட்டாத தலை.

சாயங்காலம் செ. கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சுமதி, ஒன்னு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நெசமா நீ ஒன்னும் வெக்கலதான?"

பூவைப் பறித்தவர் இவர். கத்தியில் தேய்த்தவர் இவர். பழத்தை அறுத்து, தொடையில் தட்டிச் சிரித்தவர் இவர்.

"வெச்சேன்" என்றேன்.

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். கடையில் வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். காபி இன்னும் சூடாகத்தான் இருந்தது. நானே குடித்தேன்.